மூன்று நடிகர்கள் வேண்டாமென்ற பெட்டி

பெரிய நடிகர்கள் மூன்று பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன வேடத்தை நான் நடித்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடை தூக்கினேன். லாரியில் கிளீனராகப் போனேன். பிறகு லாரி வாங்கினேன். இன்றைக்குச் சூளகிரிப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி மூன்று குடோன், ஓர் எடைமேடை, ஊருக்கு வெளியே பெரிய வீடு. எதுவும் யாரும் கொடுத்ததில்லை. அந்த வீட்டின் கூடத்தைப் பார்த்துத்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

தமிழிலும் கன்னடத்திலும் ஒரே நேரத்தில் எடுக்கிற படம். டைரக்டருக்கு முப்பது வயது இருக்கும், வாய் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேச மேனேஜர் ஒருவர் இருந்தார். கதையைச் சொன்னதும் அவர்தான். ஒரு பெரிய மனிதர் செத்துப்போகிறார். பிள்ளைகளுக்குள் தகராறு. அது தீரும் வரை பிணத்தை எடுக்க விடமாட்டோம் என்கிறார்கள். படம் முழுக்க அந்தப் பிணம் கூடத்தின் நடுவில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறது. வசனம் கிடையாது, கண் திறப்பது கிடையாது. ஆனால் படமே அந்த முகம்தான்.

“அதான் சார் பிரச்சினை. மொதல்ல ஒருத்தர்கிட்ட போனோம். கதை கேட்டு அழுதுட்டார். அழுது முடிச்சிட்டு, என் ரசிகருங்க தியேட்டரைக் கொளுத்திடுவாங்கன்னுட்டார். ரெண்டாவது ஆளு ஜோசியரைக் கேட்டார். ஜோசியர் போன்ல கத்துனது எதிர்ல உக்காந்திருந்த எங்களுக்கே கேட்டுச்சு.”

“அப்புறம்?”

“மூணாவது ஆளு நாளைக்கு இங்க வர்றார். அவரும் மாட்டேன்னா படம் இல்ல சார்.”

மூன்றாவது ஆள் வந்தார். திரையில் பத்துப் பேரைத் தூக்கி எறிகிறவர். நேரில் என் தோளுக்குத்தான் இருந்தார். கூடத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். செட்டுக்காகச் செய்த பெட்டியில்லை, ஓசூரில் சாவு வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து வந்த நிஜப் பெட்டி. உள்ளே ஒரு மூலையில் காய்ந்த சாமந்தி இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் படுத்தார். கண்ணாடி மூடியைச் சாத்தினார்கள். காற்றுக்குக் கேமரா படாத பக்கம் இடைவெளி விட்டிருந்தார்கள், அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

அவருடைய வாய்க்கு நேரே கண்ணாடியில் மூச்சு வெள்ளையாகப் படிந்தது.

“சார், மூச்சு படியுது. கொஞ்சம் அடக்குங்க,” என்றார் டைரக்டர்.

அடக்கினார். வெள்ளை சுருங்கியது. மறுபடி படிந்தது. அவர் கண்ணைத் திறந்து அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று உள்ளங்கையால் கண்ணாடியை அறைந்தார். திறந்ததும் இறங்கி நேராகக் காருக்குப் போனார். என் மனைவி களியும் கறிக்குழம்பும் செய்து வைத்திருந்தாள், கைகூட நனைக்கவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம், “உங்க வீடுங்களா ஐயா? அந்தப் பெட்டியை ராத்திரி உள்ள வைக்காதீங்க,” என்றார்.

கார் கேட்டைத் தாண்டியதும் நான் எல்லார் முன்னாலும் சிரித்தேன். “பொட்டிக்கா இந்த ஓட்டம்? தள்ளுங்கய்யா,” என்று துண்டைத் தூக்கி நாற்காலியில் போட்டுவிட்டுப் படுத்தேன். மூடினார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திறந்தபோது மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லையாம். கிளீனராக இருந்த காலத்தில் லாரிக்கு அடியில் புழுதியில் படுத்துத் தூங்கிப் பழகியவன் நான். மூச்சைச் சின்னதாக இழுத்துச் சின்னதாக விடுவேன். இதை எந்த நடிப்புப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள்?

“இவர்தான்,” என்றார் டைரக்டர். அன்று அவர் பேசிய இரண்டாவது பேச்சு அது.

என் மனைவி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அவள் எல்லையோரத்துத் தெலுங்குக் குடும்பத்துப் பெண். என்னோடு தமிழ், அக்காவோடு தெலுங்கு, பூக்காரியோடு கன்னடம். படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். மறுநாள் வாயைத் திறந்தாள்.

“தாலியோட ஒருத்தி ஊட்ல இருக்கறப்ப, கூடத்துல பொட்டியப் போட்டுப் படுக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?”

“இந்தா, பெரிய பெரிய நடிகனுங்களே முடியாதுன்னு ஓடிட்டானுங்க. நான் செய்யறேன். அதப் பாரு.”

“அவங்களுக்குப் பொண்டாட்டி நெனப்பு இருக்குது, ஓடுனாங்க.”

சமாதானம் செய்து வைத்தது மேக்கப் போடும் அம்மா. சென்னைக்காரர், முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர். “எங்க ஃபீல்டுல இதுக்கு ஒண்ணு இருக்கும்மா. பிணமா நடிச்சவங்க ஷாட் முடிஞ்சதும் எழுந்து உக்காந்து, அதே கேமராவைப் பார்த்துச் சிரிச்சிடணும். சாவைப் புடிச்ச கேமரா உசுரையும் புடிச்சிடணும். அப்பதான் அந்தத் தோஷம் கழியும்,” என்றார்.

“தெனமும் செய்வாங்களா?”

“தெனமும். நான் விடமாட்டேன்.”

“அப்ப படுக்கட்டும்,” என்றாள் என் மனைவி.

பதினோரு நாள் எடுத்தார்கள். அந்தப் பதினோரு நாளும் அவள் கூடத்துக்கு வரவே இல்லை, பின்கட்டுச் சமையலறையோடு சரி. சாயங்காலம் நான் போனால் கேட்பது ஒன்றுதான். “சிரிச்சீங்களா?” சிரித்தேன் என்றால்தான் தண்ணீர் சொம்பைக் கொடுப்பாள், அதற்கப்புறம்தான் சாப்பாடு.

ஒப்பாரிக்குப் பக்கத்து ஊர்ப் பெண்களைக் கூட்டி வந்திருந்தார்கள். கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவர்கள்கூட லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள், அவர்களுக்கு எல்லாம் ஒரே வேடிக்கை. “இன்னும் நல்லா அழுடி, டீ வரும்,” என்று ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொள்வது எனக்குக் கேட்கும். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, ஒருத்தி பெட்டிமேல் சாய்ந்து அழுதாள். வாய் கண்ணாடியின் இடைவெளிப் பக்கம் இருந்தது. “இந்தக் கீறல் எனக்குத் தெரியுங்க ஐயா. எங்கூட்டு ஆளும் இதுலதான் படுத்திருந்துச்சு,” என்றாள். வசனத்தில் அது இல்லை. நான் கண்ணைத் திறக்கவில்லை. அந்த ஷாட்டைத்தான் இன்றைக்கும் எல்லாரும் புகழ்கிறார்கள்.

பதினோராம் நாள் கடைசி ஷாட் எடுக்கும்போதே கேட்டுக்கு வெளியே ஒரு டெம்போ வந்து நின்றது. பெட்டிக் கடைக்காரர். தொரப்பள்ளிப் பக்கம் நிஜமாகவே ஒரு சாவு. கடையில் இருந்த மற்றப் பெட்டிகளெல்லாம் வெளியே போயிருக்கின்றன. செத்தவரின் மகன் டெம்போவிலேயே உட்கார்ந்திருந்தான். டைரக்டர் ‘ஓகே’ சொன்ன உடனே என்னைத் தூக்கி வெளியே விட்டார்கள், பெட்டியைத் துடைத்து ஏற்றிவிட்டார்கள். என் முதுகுச் சூடு அதில் ஆறியிருக்காது. அதற்குள் எல்லாரும் கை தட்டினார்கள். டைரக்டர் என் காலைத் தொட்டார். லைட் போடுகிற பையன்கள், ஷிப்டுப் பெண்கள், எல்லாருக்கும் என்னோடு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். கேமராவைக் கழற்றி அதன் உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து மேக்கப் அம்மா கத்தினார். “ஐயா, சிரிக்கலையே!”

“சிரிச்சிட்டுத்தானம்மா நிக்கறேன்!” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பின்கட்டுக்குப் போனேன். அவள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“சிரிச்சீங்களா?”

“சிரிச்சேன்.”

தண்ணீரைக் கொடுத்தாள்.

படம் ஓடிய ஓட்டம் உங்களுக்கே தெரிந்திருக்கும். பெட்டிக்குள் மாலையோடு நான் கிடக்கிற படம் எல்லார் கைப்பேசியிலும் வந்தது. எங்கள் குடோன் பையன்கள் அன்பாக ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள், அதிலும் அதே படம்தான். எடைமேடைக்கு வந்த வெளியூர் டிரைவர் ஒருவன் என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் போனான். பிளெக்ஸைப் பார்த்துவிட்டு யாரோ சொல்லி, என் தூரத்துச் சித்தி ஒருத்தி வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து மாரில் அடித்துக்கொண்டே ஆட்டோவில் வந்து இறங்கினாள். கதவைத் திறந்தது நான். அவள் என்னைப் பார்த்து இன்னும் அலறினாள். இதையெல்லாம் நான் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் மனைவி மட்டும் சிரித்ததில்லை. மதியம் நான் படுத்தால் வந்து மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பாள். நான் விழித்துக்கொண்டால், “ஈ உக்காந்துச்சு,” என்பாள்.

போன மாதம் எடைமேடைப் படியில் ஏறும்போது நெஞ்சை ஏதோ பிடித்தது. ஓசூரில் பார்த்துவிட்டு, பெங்களூருக்குப் போங்கள் என்றார்கள். பெங்களூரில் அடைப்பு என்றார்கள், நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்றார்கள், தேதி குறித்தார்கள். என் மகளும் மருமகனும் அழுதார்கள். என் மனைவி அழவில்லை. துணிப்பையை எடுத்து வைத்துக்கொண்டே அவர்களை அதட்டினாள்.

“எதுக்கு அழுவறீங்க? அவருக்கு ஒண்ணும் ஆவாது. பதினோரு நாளும் சிரிச்சிருக்காரு.”

அப்போதுதான் எனக்கு முதுகில் பெட்டியின் தகரம் பட்டது போல இருந்தது. அவள் தைரியம் மொத்தமும் நான் சொன்ன ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. அதை எடுத்தால் அவள் விழுந்துவிடுவாள். எடுக்காவிட்டால் நான் அதோடு போய்ப் படுக்க வேண்டும்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. டைரக்டருக்குப் போன் போட்டேன். அந்தக் கேமரா, கேமராமேனுக்குச் சொந்தமானதாம். அதே படத்தை இப்போது இந்தியில் எடுக்கிறார்கள், அதற்கும் அவரேதான். அத்திப்பள்ளி தாண்டி ஒரு பங்களாவில் ஷூட்டிங். பிணமாகப் படுப்பது அந்த மூன்றாவது நடிகர். அவர் வேண்டாமென்ற வேடம் என்று நாடே பேசிய பிறகு, அவரே கேட்டு வாங்கியிருக்கிறார்.

குடோனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். அங்கே பெட்டி புதுசு, மூலையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. நடிகர் முகத்தில் வெள்ளை மாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“எத்தனை நாளு விட்டுப்போச்சு?”

“ஒரே நாளுதாங்க. கடைசி நாளு.”

டீயைக் கீழே வைத்தார். “கேமராவைப் போடுங்கப்பா. மொதல்ல ஐயாவுது.”

படுத்தேன். கண்ணாடியை மூடினார்கள். இந்தத் தடவை நான் மூச்சை அடக்கவில்லை. சத்தியமாக அடக்கவில்லை. நெஞ்சு வேறு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என் வாய்க்கு நேரே இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். ஒன்றும் படியவில்லை. மேலே அந்த நடிகர் குனிந்து நின்றார். அவரும் பார்த்தது என் முகத்தை இல்லை, அந்தக் கண்ணாடியைத்தான். யாரையும் கூப்பிடாமல் அவரே மூடியைத் திறந்தார்.

“சிரிங்க ஐயா.”

சிரித்தேன். டிவியில் போட்டுக் காட்டினார்கள். உதடு விரிந்திருக்கிறது, பல் தெரிகிறது. ஆனால் அது பெட்டிக்குள் கிடந்த அதே முகம்தான். பல் மட்டும் கூடுதல். இன்னொன்று எடுக்கலாம் என்றார்கள். மூன்று தடவை எடுத்தார்கள்.

“போதும்,” என்றார் நடிகர். காருக்கு என்னோடு நடந்து வந்தார். “அன்னைக்கு நான் எறங்கிப் போனதுக்கு எல்லாரும் சிரிச்சாங்கன்னு தெரியும். கண்ணாடியில என் மூச்சைப் பார்த்தேன் ஐயா. உசுரோட இருக்கிறவன் இங்க என்ன பண்றேன்னு தோணிடுச்சு. உங்களுக்கு அந்தக் கண்ணாடி ஒண்ணும் காட்டல போல.”

“இப்ப மட்டும் எப்படிங்க படுத்தீங்க?”

“இப்ப மூச்சையெல்லாம் கம்ப்யூட்டர்ல தொடச்சிடறாங்க. நான் நல்லாவே விடறேன்,” என்றார். பிறகு, “வீட்டுக்குப் போங்க. அம்மாகூட இருங்க,” என்றார்.

நாளைக் காலை ஆபரேஷன். இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, பேரனின் பழைய நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலில் இன்னும் வெயில் இருக்கிறது. அவள் எதிரே நாற்காலியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அவ்ளோ நேரமா எழுதறீங்க?”

“நடிச்ச கதை.”

“பெரிய நடிகருங்க மாட்டேன்னதை எழுதுனீங்களா?”

“மொதல்லயே எழுதிட்டேன்.”

“எழுதுவீங்களே. சிரிச்சதை?”

“எழுதிட்டேன்.”

ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நோட்டின்மேல் குனிந்தாள். “எது?”

பக்கத்தை முன்னால் திருப்பினேன். கை போன இடத்தில் ஒரு வரியைக் காட்டினேன். மூன்று குடோனையும் எடைமேடையையும் பற்றி நான் எழுதியிருந்த வரி அது. அவள் அந்த வரியை விரலால் முதலிலிருந்து கடைசி வரை தடவி, விரலை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

“சரி, படுங்க,” என்றாள்.