கவிழ்த்து ஒட்டிய ஐசி

தைப்பொங்கலன்று காலை பத்து மணியிருக்கும். பண்டத்தரிப்பிலிருந்து தவராசா மோட்டார் சைக்கிளில் மானிப்பாய்க்கு என் வீடு தேடி வந்தார். அவர் தையல்காரர், கோழியும் வளர்க்கிறவர். பல்புச் சூட்டில் முட்டை அடைகாக்கும் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். அதன் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் போட்டை ஒரு வருடத்துக்கு முன் நான்தான் செய்து கொடுத்தேன். அந்தப் போட்டை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, பல்லி ஒண்டு உள்ளுக்கை போய்க் கருகிக் கிடக்குது. பல்பு பத்துதில்லை. அம்பத்திநாலு முட்டை வைச்சிருக்கிறன். இண்டைக்குப் பதினெட்டாம் நாள்."

குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள் வேண்டும்.

"இப்ப பெட்டியை ஆர் பாக்கினம்?"

"மனிசி. பல்பை நேரை பிளக்கிலை குடுத்து, தெர்மோமீற்றரைப் பாத்துப் பாத்துப் போட்டு நிப்பாட்டுறா. எவ்வளவு நேரத்துக்கு அப்பிடி இருக்கிறது?"

மல்ரிமீற்றரை எடுத்துப் பார்த்தேன். பல்பைப் போட்டு நிறுத்தும் ரிலேயை இயக்கும் ட்ரான்சிஸ்டரும், வெப்பத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் 358 என்ற ஐசிச் சில்லும் போயிருந்தன. ட்ரான்சிஸ்டர் என்னிடம் இருந்தது. 358 இல்லை. கடைசியாக இருந்ததைப் போன கிழமைதான் ஒரு யூபிஎஸ்ஸுக்குப் போட்டிருந்தேன். பொங்கல் நாளில் எந்தக் கடையும் திறந்திருக்காது.

கழித்த போட்டுகள் போட்டுவைக்கும் பெட்டியைக் கிளறினேன். மின்சார சைக்கிள் சார்ஜர் ஒன்றின் போட் கிடந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், உளுந்தளவு கறுப்புத் துண்டு இரண்டின் முதுகில் 358 என்று எழுதியிருந்தது.

ரேடியோ, ரி.வி. திருத்தி முப்பது வருடம். நான் பழகியதெல்லாம் நீளக் காலுள்ள சாமான்கள். காலைப் போட்டின் ஓட்டைக்குள் விட்டு அடியில் ஈயம் வைக்கவேண்டும். இது எஸ்எம்டி. ஓட்டை கிடையாது, போட்டின் செம்புப் படலத்தின் மேலேயே வைத்துப் பற்றவைப்பது. அந்த வகை வேலை வந்தால் "கண் தெரியாது" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை. பயம்தான். அன்று போனில் விபரத்தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பெரிய ஐசியில் உள்ள அதே எட்டுக் கால், அதே வரிசை. இவ்வளவு காலமும் இதைத் திறந்துகூடப் பார்க்கவில்லையே என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

முதலாவதை நெம்பியபோது ஒரு கால் முறிந்துவிட்டது. மற்றதற்கு அவசரப்படவில்லை. இரண்டு பக்கக் கால்களிலும் ஈயத்தைத் தாராளமாக ஊற்றி மாறி மாறிச் சூடாக்கினேன். தானாக வழுகி வந்தது.

நான் செய்த போட்டில் ஐசி செருக எட்டுக்கால் பேஸ் ஒன்று இருந்தது. இன்னொரு பேஸை எடுத்து, அதன் நடுவில் இந்தச் சின்ன ஐசியை இருபக்கமும் ஒட்டும் நாடாவால் ஒட்டி, காலுக்குக் கால் மெல்லிய கம்பி இழுத்தால் பழைய ஐசியின் இடத்தில் அப்படியே செருகலாம் என்பது என் திட்டம். கால்கள் மேலே நின்றால் ஈயம் வைக்கச் சுகம் என்று ஐசியைக் கவிழ்த்து ஒட்டினேன். தவராசா வயரை உரித்து ஒற்றை இழைகளாகப் பிரித்துத் தந்தார். அவரே ட்வீசரால் இழையைப் பிடித்தார், நான் ஈயம் உருக்கும் அயனை வைத்தேன். பொத்தான் தைக்கிற கை, ஆடவே இல்லை.

எட்டாவது காலை முடிக்கும்போது அவர் மனைவி மலர் வீட்டிலிருந்து போன் எடுத்தார்.

"முப்பத்தொம்பது காட்டுது. பெட்டிக் கதவைத் திறக்கட்டோ?"

"கொஞ்சம் திற. முப்பத்தேழரைக்கு வந்த உடனை மூடு," என்றார் தவராசா.

போனை வைத்தவர் பேஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. இதைக் கவிட்டெல்லோ ஒட்டினனீங்கள்? சேட்டு ஒண்டை உள்பக்கம் வெளியாலை திருப்பினா வலக்கை இடப்பக்கம் வந்திடும். இதுக்கு அப்பிடி வராதோ?"

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. முதலாம் காலும் எட்டாம் காலும் இடம் மாறியிருந்தன. அப்படியே கரண்ட் கொடுத்திருந்தால் இருந்த ஒரே ஐசியும் போயிருக்கும். எட்டுக் கம்பியையும் கழற்றி, ஐசியை நிமிர்த்தி ஒட்டி, முதலிலிருந்து தொடங்கினோம். அரை மணித்தியாலம் கூடப் பிடித்தது.

ட்ரான்சிஸ்டரையும் மாற்றி, பேஸைச் செருகி, போட்டில் பரிசோதனைப் பல்பு ஒன்றைக் கொடுத்துக் கரண்ட் போட்டேன். பல்பு பற்றியது. வெப்பம் அறியும் சென்சரை அயனுக்குக் கிட்டப் பிடிக்க ரிலே 'டிக்' என்றது, பல்பு அணைந்தது. தள்ளி எடுத்து ஊதினேன். திரும்பப் பற்றியது. தவராசா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வெளிக்கிட்டார்.

நாலாம் நாள் போன் வந்தது.

"நாப்பத்தொரு குஞ்சு, அக்கா. பதின்மூண்டு பொரிக்கேல்லை. தான் கதவைக் கனநேரம் திறந்ததாலையோ எண்டு மனிசி கேட்டபடி."

"அவ இல்லாட்டி ஒண்டும் மிஞ்சியிராது எண்டு சொல்லுங்கோ," என்றேன். அந்தப் பதின்மூன்றும் எதனால் போயின என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எஸ்எம்டி பைத்தியம் பிடித்தது. சின்ன ரெசிஸ்டர், கப்பாசிட்டர் என்று வாங்கிக் குவித்தேன். தவராசாவின் இரண்டாவது பெட்டிக்கு முழுக்க அந்த வகையிலேயே போட் செய்தேன், சென்சர் வயர் செருகும் சொக்கற் உட்பட. தீப்பெட்டி அளவுதான் வந்தது. எனக்குப் பெரிய பெருமை. ஒரு மாதத்தில் அவர் பெட்டியைக் கழுவ வயரைக் கழற்றியிருக்கிறார். சொக்கற், செம்பையும் உரித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

"மெல்லத்தான் இழுத்தனான், அக்கா," என்றார்.

அவரில் பிழையில்லை. அந்தச் சொக்கற்றைப் பிடித்திருந்தது மேலே வைத்த ஈயம் மட்டும்தான்.

இப்போது இரண்டையும் கலந்தே செய்கிறேன். ஐசி, ரெசிஸ்டர் எல்லாம் சின்னன். ரிலே, சொக்கற், பாரமானது எல்லாம் நீளக் காலுள்ளது. புதிதாகப் போட் செய்யத் தொடங்குகிறவர்கள் எது நல்லது, பழையதா புதியதா என்று கேட்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த இடத்தில் ஆரும் கை வைத்து இழுப்பார்களா? இழுப்பார்கள் என்றால், காலை ஓட்டைக்குள் விடுங்கள்.