நாக்கு விழுந்த மணி

மணியின் நாக்கு அறுந்து விழுந்துவிட்டது. கோயில் மணி அடிக்கிறவனுக்கு அதற்கு மேல் கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

மலேசியாவில் சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காலையும் மாலையும் மணி அடிக்கிறேன். சனம் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டது. பூசாரி வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளில் நானும் அம்மனும்தான். ஒரே ஒரு வழக்கம் உண்டு: தோட்டத்தில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை மணி அடிக்கக் கூடாது. எடுத்த பிறகு அடிக்கலாம். வேறு பாடம் இந்த வேலையில் கிடையாது. கேட்க ஆள் இல்லாத வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு மீதி புரியும்.

கயிறு லேசான காலை

கயிற்றை இழுத்தேன். லேசாக வந்தது. காலடியில் தொப்பென்று நாக்கு. அதைப் பிடித்திருந்த வளையம் தேய்ந்து அறுந்திருந்தது. கம்பியால் தட்டலாமே என்பீர்கள். தட்டினேன். சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது போல் இருந்தது. கம்பியைப் போட்டுவிட்டேன்.

கோயில் தலைவர் சுங்கை பட்டாணியில் இருக்கிறார். போன் போட்டேன். மனிதருக்குச் சந்தோஷம். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மின்சார மேளம் வந்துவிடுமாம். மணி, மேளம் எல்லாம் அதுவே அடிக்கும், சுவிட்சைப் பூசாரியே போட்டுக்கொள்வார். அப்போது எனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

"ஒரு வேலையும் இல்லண்ணே. உங்க மக வீட்டுக்கு வந்து டிவி பாருங்கலா."

குருண் பட்டறை

நாக்கைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு குருணுக்குப் போனேன். பட்டறைக்காரன் நம் தமிழ்ப் பையன்தான். புரட்டிப் புரட்டிப் பார்த்தான். புது வளையம் போட்டு வெல்டிங் வைக்க வேண்டும், மணியைக் கழற்றிக் கொண்டுவாருங்கள் என்றான். நாலு ஆள் தூக்கி மாட்டிய மணி. மோட்டார் சைக்கிளில் மணியையும் வைத்து, அம்மனையும் பின்னால் உட்கார வைக்கவா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"அம்மனுக்கு ஹெல்மெட் வேணும்ணே. ரோட்டுல போலீஸ் நிக்கிறான்."

நானே நிறுத்திய நாள்

ஒரு தடவை நானாகவே மணியை நிறுத்தியிருக்கிறேன். மனைவி இறந்த அன்று. முன்பெல்லாம் மணி நின்றால் லயத்து வரிசை வீட்டு வாசல்களில் தலை எட்டிப் பார்க்கும், "யாரு?" என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் வருவார்கள். அன்று காலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. போன் போட்ட பிறகுதான் கார்கள் வந்தன.

சாயங்காலம் அவளை எடுத்தார்கள். எல்லாம் முடிந்து திரும்பியதும் குளித்துவிட்டுப் போய் அடித்தேன். லயத்தில் மிச்சமிருந்த பக்கத்து வீட்டுக்காரன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"காலையில அடிக்கலியா மாமா? நான் கவனிக்கலியே."

வாசலில் வந்து நின்றவள்

வியாழக்கிழமை ஆகிவிட்டது. நாக்கு சாக்கிலேயே கிடந்தது. மகள் வீட்டுக்குப் போகத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். தோட்டத்து முச்சந்தியில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிற மலாய்க்காரப் பெண். தோட்டத்து ஆட்களுக்கு விற்று விற்றுத் தமிழ் வந்துவிட்டது அவளுக்கு. கையில் அரிசி, சீனி. அவர்கள் சாவு வீட்டுக்குக் கொண்டுபோவது. என்னைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது.

"அண்ணே சாகலியா?"

"யார் சொன்னது செத்தேன்னு?"

"மணிதான். அக்கா செத்தப்பவும் காலையில மணி இல்ல. நான் கடை தொறக்கல. வர வெக்கம், வீட்டிலேயே இருந்தேன். சாயந்திரம் மணி கேட்டுச்சு, சரி, எடுத்தாச்சுன்னு நெனச்சேன். இப்ப மணி வரவே இல்ல. அதான் வந்தேன்."

அன்று நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது முச்சந்தியில் ஒரு கடை மூடியிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. சாக்கைப் பிரித்து நாக்கைக் காட்டினேன். அறுந்த வளையத்தைப் பார்த்தாள். அவள் ஊர் கடலோரத்தில் யான் என்கிற இடம், தம்பிக்கு மீன்பிடிப் படகு. அன்று சாயங்காலமே நங்கூரச் சங்கிலியில் மாட்டுகிற வளையம் ஒன்றைக் கொண்டுவந்தாள். ஆணியை முறுக்கினால் பூட்டிக்கொள்ளும், வெல்டிங் வேண்டாம். கோயிலுக்குள் அவள் வரமாட்டாள், மணிக்கம்பம் வெளியே இருப்பதால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஏறி மாட்டினேன். இறங்கி அடித்தேன். கொஞ்சம் கரகரப்பு. நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டாள்.

"நல்லாதான் இருக்கு. எடுக்க ஆள் இல்லாம உள்ளேயே கெடக்கிறீங்களோன்னு பயந்தேன். நாளைக்கும் அடிங்க."

மணி அடிக்கிறவன் செத்தால் அதை ஊருக்கு யார் சொல்வது என்பதற்கு இந்தத் தோட்டத்தில் ஒரு வழி பிறந்திருக்கிறது, அது கோயில் தலைவரும் இல்லை, மின்சார மேளமும் இல்லை, நாசி லெமாக் கடை ரொக்கியா.