பூக்கணக்கில் வராத செடி

என் புருஷன் விஷக் காய்ச்சலில் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அடக்கம் முடிந்த மறுநாளே, கொல்லையில் இருந்த மல்லிகைச் செடிப் பக்கம் நான் போகக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். பறிக்கக் கூடாது, தொடுக்கக் கூடாது, வைக்கவே கூடாது. நாங்கள் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம். எல்லாரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று சாமியார் பிரசங்கம் வைப்பார். எங்கள் வீட்டுக் கொல்லைவரை அந்தப் பிரசங்கம் வந்து சேரவில்லை.

தலையில் பூ இல்லாததுகூடப் பழகிவிட்டது. நல்ல வாசனை ஒன்று இல்லாமல் இருந்ததுதான் தாங்கவில்லை. காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றம், வீட்டுக்குள் வந்தால் மாமியாரின் மூக்குப்பொடி. திண்டுக்கல்லில் எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

ஐப்பசியில் என் அண்ணன் வந்தான். அவனுக்குக் கொடைக்கானலில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை. காகிதத்தில் மடித்துக் கொஞ்சம் கறுப்பு விதை கொடுத்தான்.

“டயாந்தஸுனு துரைசானி சொல்லுவாக. பழைய சுண்ணாம்புக் காரைய நொறுக்கி மண்ணுல கலந்துக்க. மல்லிக்கு ஊத்துற மாதிரி தண்ணிய ஊத்திராத, வேரு அழுகிரும்” என்றான்.

அடுப்படிச் சுவரை ஒட்டி ஒரு சின்னப் பாத்தி கட்டினேன். மிச்ச விதையை அடியில் ஓட்டை போட்ட மண்ணெண்ணெய் டின்களில் போட்டேன். மெல்லிசாக, சாம்பல் பூத்த பச்சையில் முளைத்தது.

“புல்லையா வளக்குற?” என்று மாமியார் சிரித்தார்.

மார்கழிக் கடைசியில் பூத்தது. ரோஸும் வெள்ளையுமாக, இதழோரம் கத்தரியால் நறுக்கிவிட்ட மாதிரி. குனிந்தால் கிராம்பு வாசனை.

“இது என்னாத்தா?”

“சும்மா இங்கிலீஷ் செடி அத்தை, அழகுக்கு.”

எங்கள் ஊரில் சரத்தில் ஏறாதது பூவே இல்லை. பொடி போட்டு மரத்துப்போன மூக்குக்கு வாசனையும் எட்டவில்லை. அதனால் என்னை விட்டுவிட்டார். காலையில் களை பிடுங்குகிற சாக்கில் முகத்தைப் பூவுக்குள் வைத்துக்கொள்வேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒருநாள் நாத்தனார் பார்த்துவிட்டாள்.

“மதினி, கிராம்பு வாசமுல்ல அடிக்கி! அம்மாட்டச் சொல்ல மாட்டேன்” என்றாள். நம்பினேன். அந்த வீட்டில் நான் நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

தவக்காலத்துக்கு முன்னால் முடிக்க வேண்டுமென்று தையிலேயே அவளுக்கு நிச்சயம் வைத்தார்கள். பனிக்கு மல்லிகைச் செடி மொட்டையாக நின்றது. கடைத்தெருவில் கனகாம்பரம்தான் இருந்தது, அதில் ஏது வாசம்? மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று மாமியார் புலம்பினார்.

“மதினி வளக்குதுல்ல, அதுல அம்புட்டு வாசம்மா” என்றாள் நாத்தனார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். “இம்புட்டு நாளா பூவையா வளத்த?”

பாத்தியிலும் டின்களிலும் ஒன்று விடாமல் பறித்தார்கள். என் கை பட்டது என்று ஒரு பெரியம்மா இழுத்தாள். “தீர்த்தம் தெளிச்சாச் சரியாப் போகும்” என்று மாமியார் கோயிலில் மந்திரித்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, என் பூக்களின் மேல் தெளித்தார். தொடுத்தால் அழகாகவே சரத்தில் ஏறியது. என்னை உள்ளறையில் இருக்கச் சொன்னார்கள். கிராம்பு வாசனை அங்கேயும் வந்தது.

மறுநாள் டின்கள் வாசலுக்குப் போயின. அது பூவென்று ஆகிவிட்டதால் பாத்திப் பக்கமும் நான் போகக் கூடாது. நாத்தனார் காலையும் மாலையும் மல்லிகைக்கு ஊற்றுவதுபோல் வாளி வாளியாக ஊற்றினாள்.

“இம்புட்டுத் தண்ணி ஆகாதுத்தா, வேரு அழுகிரும்” என்று சொல்லிப் பார்த்தேன்.

“தெரியும் மதினி. அம்மா ஊத்தச் சொல்லுது” என்றாள்.

தை முடிவதற்குள் இலை மஞ்சளாகி, தண்டு அடியில் கறுத்து, எல்லாம் சாய்ந்துவிட்டது. மாமியார் கொத்தாகப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தார். வேர் ஊறி, கூழாக இருந்தது.

“தாலி அறுத்தவ நட்டது, வெளங்குமா?” என்றார்.

நான் நாத்தனாரைப் பார்த்தேன். வாளி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மல்லிகைச் செடிப் பக்கம் போய்விட்டாள்.