பல்லிக் குஞ்சுக்கு வைத்த சேனை

மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. போகும்போது கண்ணாடிப் பெட்டியில் வளர்த்த இரண்டு சிறுத்தைப் பல்லிகளை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஹாஸ்டலில் விடமாட்டார்களாம். நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி இல்லை இது. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், தடித்த வால், மூடித் திறக்கிற இமை. நான் சுரங்கத்தில் ஷிப்டு பார்க்கிறவன், எனக்கு எதற்கடா இந்த வேலை என்று ஒரு வாரம் கத்தினேன். அடுத்த வாரம் டியூட்டி முடிந்து வந்தால் ஷூவைக் கழற்றுமுன் பெட்டியைத்தான் எட்டிப் பார்த்தேன்.

பெட்டை இரண்டு முட்டை போட்டது. மகள் போனில் சொன்னபடி ஒரு டப்பாவில் ஈரத் தேங்காய் நார்த்தூள் போட்டு வைத்தேன். நெய்வேலி வெயிலுக்கு அடைகாக்க மெஷின் எதற்கு? ஐம்பது நாள் சொச்சத்தில் ஒன்று காலையில் பொரிந்தது, மற்றது மறுநாள் மதியம். மனைவி உடனே என் டியூட்டிக் கணக்கில் பேர் வைத்துவிட்டாள்: காலையில் வந்தது ஏ ஷிப்டு, மதியம் வந்தது பி ஷிப்டு. ஆளுக்கொரு பெட்டி. ஏ ஷிப்டு துறுதுறுவென்று இருந்தது. பி ஷிப்டு நோஞ்சான்.

தவிட்டில் வளர்த்த புழுக்களில் பொடிசாகப் பார்த்து இடுக்கியால் நீட்டினேன். இரண்டும் வாயே திறக்கவில்லை. மகளைக் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருந்தாள்.

"பொறந்த புள்ளைக்குச் சேனை வைக்காம புழுவ நீட்டிகினு நிக்கிறீங்களே!" என்றாள் மனைவி. அவள் குறிஞ்சிப்பாடிக்காரி. அவர்கள் வீட்டில் பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள். வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வருமாம்.

"போடி, பல்லிக்குச் சேனையாம்!" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சர்க்கரையைக் கரைத்து விரல் நுனியில் தொட்டு பி ஷிப்டின் வாயில் வைத்தேன். நக்கியது! அடடா, எனக்கு வந்த சந்தோஷம்! மிச்சத்தை ஒரு மூடியில் ஊற்றி அதன் பெட்டியிலேயே வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் ஜன்னலிலிருந்து பெட்டி வரை எறும்புச் சாரை. குஞ்சின் மேலெல்லாம் எறும்பு. பயத்தில் வாலை உதறியிருந்தது. தீனி இல்லாத நாளுக்கு அந்த வால் கொழுப்புதான் அதற்குச் சோறு. பெயின்ட் பிரஷால் ஒவ்வொரு எறும்பாகத் தட்டிவிட்டேன். மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மனைவி வந்து சேர்ந்த நேரம் மகளும் போனில் கிடைத்தாள். "அப்பா! முதல் மூணு நாலு நாளைக்கு அது எதுவும் சாப்பிடாதுப்பா. தோலை உரிச்சு அதையே தின்னும். அப்புறம்தான் புழு. சர்க்கரைத் தண்ணி யாரு வச்சது?"

"நான்தான்," என்றேன்.

மனைவி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ பெட்டியைத் துடைத்து ஸ்டூல் மேல் வைத்து, அதன் நாலு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினாள். "இனிமே எறும்பு எப்படி ஏறும்னு பாக்கலாம்," என்றாள்.

"பொழச்சிக்குமா?" என்று அவளை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ. நாலாம் நாள் அதன் உடம்பு வெளுத்தது. சாயங்காலம் பார்த்தால் புதுத் தோலோடு உட்கார்ந்திருந்தது, பழையதைக் காணோம். புழுவை நீட்டினேன். உற்றுப் பார்த்தது, லபக்கென்று கவ்வியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்.

இப்போது பி ஷிப்டுக்குக் குட்டையாக ஒரு வால் முளைத்திருக்கிறது. ஏ ஷிப்டு யார் கையிலும் சாதுவாக உட்காரும். லீவுக்கு வந்த மகள் பி ஷிப்டைத் தூக்கப் போனாள். கீச்சென்று கத்தி அவள் விரலைக் கடித்துவிட்டது.

"ஏம்மா, இது மட்டும் ஏன் இப்படிச் சிடுசிடுன்னு இருக்கு?"

"சேனை வச்சது யாரு, கேளு," என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"வேலையைப் பாருங்கடி!" என்று அதட்டிவிட்டு நான் பெட்டிக்குள் கையை விட்டேன். என்னையும் கடித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.