முடக்கில் நின்ற சாக்குக் கட்டில்

1. முதல் நாள்

"பிள்ளைக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?"

அரச மருத்துவிச்சியாக நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சுகாதாரக் கந்தோரில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். பிள்ளைப்பேறு பார்க்கத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர் எங்களுக்கு மேலதிகாரியாக இருந்த பொதுச் சுகாதாரத் தாதி. அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு அளவெட்டிப் பக்கத்தில் போஸ்டிங் கிடைத்திருந்தது. நான் வடகரை ஊர்க்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். அண்ணையின் சைக்கிளைக் களவாக எடுத்துக் கடற்கரை மணலில் விழுந்தெழும்பிப் பழகியிருந்தேன்.

"ஓம் மிஸ்ஸி, ஓடுவன்" என்றேன்.

"தார் றோட்டிலை ஓடுறதை நான் கேக்கேல்லை. ஒழுங்கையிலை ஓடுவீரோ?"

ஒழுங்கை என்றால் வேலிகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய பாதை. அதற்கும் ஓம் என்றேன். கறுத்தப் பை ஒன்றைத் தந்தார். அதற்குள் கத்தரிக்கோல், கிண்ணம், பஞ்சு, வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கும் மரக்குழல் எல்லாம் இருந்தன. பையைக் கரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். முதல் ஒழுங்கையிலேயே குறுக்கே கட்டியிருந்த ஆட்டுக் கயிற்றில் சில்லு மாட்டி, வெள்ளைச் சீலையோடு செம்மண்ணில் விழுந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண், "ஐயோ, புது மிஸ்ஸி விழுந்திட்டா!" என்று சத்தம் போட்டாள். அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுவதும் என்னைத் தெரிந்துவிட்டது. இதைவிட நல்ல அறிமுகம் எனக்குக் கிடைத்திருக்காது.

2. கிரவலில் ஓடுவது

தார் றோட்டில் நான் போவது குறைவு. பஸ் வந்தால் றோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்க வேண்டும், லொறி வந்தால் கடவுளைக் கும்பிட வேண்டும். ஒழுங்கையில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, நடுவில் சரளை மண்ணான கிரவல். வேலி முடிந்தால் புகையிலைத் தோட்டம், அதற்கப்பால் பனங்கூடல், மறுபடி வேலி. ஒரு கோயில் வீதியிலிருந்து அடுத்த கோயில் வீதி வரை ஒரு மோட்டார் வாகனத்தைக்கூடக் காணாமல் போய்விடலாம்.

புதிதாக வரும் மருத்துவிச்சிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டத்தில் நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். கிரவலில் முன் பிறேக்கைப் பிடிக்காதே. பிடித்தால் ஆள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். மணல் திட்டு வந்தால் சில்லுக் காற்றைக் கொஞ்சம் இறக்கு. மழைக்குப் பிறகு வண்டில் தடத்துக்குள் இறங்காதே, ஏற மாட்டாய். முடக்கு வருமுன் மணி அடி. ஒழுங்கை திரும்பும் இடத்தை நாங்கள் முடக்கு என்போம். மணி அடித்தால் எதிரே வருகிற மாடு நிற்காதுதான். ஆனால் மாட்டைக் கொண்டு வருகிறவர் நிற்பார்.

காலையில் போனால் எங்கேயோ ஒரு வீட்டில் நாதஸ்வரம் பழகும் சத்தம் கேட்கும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். நானும் அந்தத் தாளத்துக்கே பெடல் மிதிப்பேன். அந்தக் காலைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு அவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கிறேன்.

இத்தாலியில் இருக்கும் என் மகன் போன வருடம் ஒரு படம் அனுப்பினான். மலைச் சரிவு, திராட்சைத் தோட்டம், நடுவே வெள்ளைக் கிரவல் பாதை. கார் வராத பாதையாம். அதில் சைக்கிள் ஓடுவதற்காகவே வெளிநாடுகளிலிருந்து விமானம் ஏறி வருகிறார்களாம். "அம்மா, உங்களுக்கு இது புதினமாய் இருக்கும்" என்று எழுதியிருந்தான். எனக்கு ஒரு புதினமுமில்லை. எங்களிடம் இல்லாதது மலை ஒன்றுதான். மதகு ஏறுவதையே நாங்கள் ஏற்றம் என்று சொல்வோம்.

3. வழக்கு வேலி

ஒழுங்கைக்கு ஒரு வியாதி உண்டு. அது வருடா வருடம் ஒடுங்கும். பழைய தென்னோலைக் கிடுகைக் கழற்றிப் புதிதாக வேலி அடைக்கும் காலத்தில், வேலிக் கம்பாக நட்ட கதியால் பட்டுப்போயிருந்தால் அதற்குப் பதில் புதுக் கதியால் நடுவார்கள். நடும்போது கை தானாகவே ஒரு விரற்கடை வெளியே போய்விடும். எதிர் வீட்டுக்காரர் மட்டும் சும்மா இருப்பாரா?

பொன்னம்பலம் அண்ணை வீட்டு ஒழுங்கைக்கு இந்த வியாதி முற்றியிருந்தது. எதிர்ப்பக்கக் காணி அவருடைய சொந்த அக்கா செல்லம்மாவினுடையது. செல்லம்மா அக்காவின் புருசன் கந்தையாவுக்கும் பொன்னம்பலத்தாருக்கும் மூன்று வருடமாக எல்லை வழக்கு நடந்தது. பேச்சுவார்த்தை இல்லை. பெண்கள் போய்வருவதற்கு வேலியில் பொட்டு என்று ஓர் இடைவெளி இருந்தது. அதையும் அடைத்துவிட்டார்கள்.

பொன்னம்பலத்தாரின் மகள் இராசமணி தலைப்பிள்ளைக்குக் கர்ப்பமாக இருந்தாள். நான் அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சைக்கிள் ஹான்டில் இரண்டு வேலியிலும் உரசும். முடக்கில் இறங்கி உருட்டுவேன். அந்த இடத்தில் செல்லம்மா அக்கா கிடுகுக்குப் பின்னால் காத்துக்கொண்டு நிற்பார்.

"மிஸ்ஸி, மருமகளுக்குக் கால் வீங்கியிருக்கோ?"

"இல்லை அக்கா, நல்லாயிருக்கிறா."

"இந்த முருங்கை இலையைக் குடுங்கோ. நான் தந்தனெண்டு சொல்லாதேங்கோ."

இராசமணி அதை வாங்கி மணந்து பார்ப்பாள். "மாமி வீட்டு முருங்கை" என்பாள். அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.

வலி தொடங்கிய அன்று நான் காலையிலேயே போய்விட்டேன். மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு பன்னீர்க்குடம் உடைந்தது. நீர் பச்சையாக இருந்தது. மரக்குழலை வைத்துக் கேட்டேன். பிள்ளையின் துடிப்பு விழுந்துகொண்டிருந்தது. உள்ளே பிள்ளை களைத்துவிட்டது. இனி வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

வாடகைக் கார் பிடித்துவர ஆள் அனுப்பினோம். கார் ஒழுங்கை வாசல் வரைதான் வரும். இராசமணியால் எழும்பி நிற்க முடியவில்லை. சாக்குக் கட்டிலில் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, அவளுடைய புருசனும் அயலட்டைப் பெடியன்களும் தூக்கினார்கள். முடக்கில் கட்டில் இறுகிவிட்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. வேலிக்கு மேலால் தூக்க ஆட்களின் உயரம் போதாது. சரித்தால் அவள் விழுந்துவிடுவாள். உள் மூலையில் நின்ற நாலைந்து கதியால்களை எடுத்தால் கட்டில் திரும்பும். அந்த மூலை கந்தையாவின் பக்கம்.

பொன்னம்பலம் அண்ணை கத்தியோடு ஓடிவந்தார். வந்தவர் வேலிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"அத்தான், வேலியை வெட்டுங்கோ!" மூன்று வருடத்தில் அவர் கந்தையாவிடம் பேசிய முதல் வார்த்தை.

உள்ளேயிருந்து கந்தையா சொன்னார்: "நான் வெட்டினால் பிழை என்னிலை எண்டெல்லோ வரும்? வேணுமெண்டால் நீ வெட்டு."

"நான் வெட்டினால், வேலி பிடுங்கினவன் எண்டு நாளைக்குக் கோட்டிலை சொல்லுவியள்!"

பெற்ற மகள் கட்டிலில் முனகிக்கொண்டிருக்கிறாள். இவருக்கு நீதிமன்றக் கவலை. எனக்குத் தலை வெடித்தது. "உங்கடை வழக்கு முடியிறதுக்கிடையிலை இந்தப் பிள்ளை முடிஞ்சுபோகும்!" என்று கத்தினேன். அரச ஊழியர் அப்படிக் கத்தக் கூடாது. ஆனால் கத்தினேன்.

அப்போது வேலியின் உட்பக்கத்தில் கத்தி விழும் சத்தம் கேட்டது. கட்டுகள் அறுந்து கிடுகு சரிந்தது. செல்லம்மா அக்கா கொடுவாக்கத்தியோடு நின்றார்.

"என்னடியப்பா செய்யிறாய்? வேலியை விடு!" என்று கந்தையா பதறினார்.

"ஆரின்ரை வேலி? காணி உறுதியை எடுத்துப் பாருங்கோ. இது என்ரை சீதனக் காணி. என்ரை காணி, என்ரை வேலி. நான் வெட்டுறன்."

பெண்ணின் பெயரில் காணி இருக்க ஆண்கள் அதற்கு வழக்காடுவது எங்களிடம் வழக்கம்தான். அந்த அம்மா அதுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அடுத்த கதியாலைக் கந்தையாவே இரண்டு கையாலும் பிடுங்கினார். அதற்கடுத்ததைப் பொன்னம்பலம் அண்ணை பிடுங்கினார். கட்டில் திரும்பியது.

காரில் இராசமணியின் தலை மாமியின் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் கத்தி இன்னும் அந்த அம்மாவின் கையில் இருந்ததைக் கண்டோம். காவலாளி பயந்துபோனான்.

தலையைப் பற்றி இழுக்கும் ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. நீலம் பாரித்துப்போய், சத்தம் இல்லாமல் கிடந்தது. டொக்டர் அதன் முதுகைத் தேய்த்தார். வெளியே நின்ற செல்லம்மா அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் குழந்தையைவிடக் கூடச் சத்தமாக அழுதோம்.

4. அளவு

அடுத்த நாள் என் விடுதிக்குக் கந்தையா வந்தார். நான் விட்டுவிட்டுப் போன சைக்கிளை அவ்வளவு தூரமும் உருட்டிக்கொண்டே வந்திருந்தார். ஏறி ஓடி வந்திருக்கலாமே என்றேன்.

"பொம்பிளைச் சைக்கிளிலை நான் ஏறுறதோ?" என்றார். சிறிது நேரம் மணியைத் தட்டிக்கொண்டு நின்றார். "பிள்ளை பால் குடிக்குதோ?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் போய்விட்டார்.

அந்த முடக்கு வேலி அடுத்த வேலியடைப்பு வரை திறந்தே கிடந்தது. வழக்கு என்ன ஆனதென்று நான் கேட்கவில்லை. வேலியடைக்கும் நாளில் அந்தப் பக்கம் போனபோது இரண்டு வீட்டுக்காரரும் கயிறு பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் பொன்னம்பலம் அண்ணை, "மிஸ்ஸி, உங்கடை சைக்கிளை ஒருக்கா குறுக்கை விடுங்கோ. அந்த அளவுக்கு நடுவம்" என்றார்.

செல்லம்மா அக்கா விடவில்லை. "சைக்கிளை ஏன் அளக்கிறியள்? அண்டைக்குச் சைக்கிளோ இறுகினது?" என்று சொல்லி, தம்பி வீட்டுச் சாக்குக் கட்டிலை எடுத்துவரச் செய்து, தானே அதில் ஏறிச் சீலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். "தூக்குங்கோ. முட்டாமல் திரும்பினால்தான் கதியால் நடலாம்."

முன்னால் புருசன், பின்னால் தம்பி. "அத்தான், கொஞ்சம் இடப்பக்கம்." "மெல்ல மச்சான், கால் முட்டுது." அந்தக் கட்டில் முடக்கில் முட்டாமல் திரும்பும்வரை அவர்கள் இரண்டு பேரும் கதைக்க வேண்டியிருந்தது. கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஒருக்கால் தூக்குங்கோ, எனக்குச் சரியாய்த் தெரியேல்லை" என்றார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்று சிரித்தேன்.

எழுபதுகளின் கடைசியில், எனக்குக் கீழே புதிதாக வந்த மருத்துவிச்சிகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொன்னேன். எட்டாம் மாதம் பார்க்கப் போகும்போது, தாயின் வயிற்றை அளக்குமுன் அந்த வீட்டு ஒழுங்கையை அளந்துகொள்ளுங்கள். ஒடுங்கியிருந்தால் ஆண்களிடம் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். காணி யார் பெயரில் இருக்கிறதென்று கேட்டு, அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள்.