எண்ணெய்க்கடைக்காரரின் மரத்தவளை

வாழையிலையால் வாய் மூடிய பித்தளைச் சொம்பை மேசைமேல் வைத்துவிட்டு, எண்ணெய்க்கடைக்காரர் கைகட்டி நின்றார். அறுபதுகளில் செஞ்சிப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். அந்த மேசை அதுவரை கண்டதெல்லாம் கோழியும் ஆட்டுக்குட்டியும்தான். சொம்புக்குள் ஒரு மரத்தவளை. முதுகுத் தோல் வெள்ளைத் திட்டுகளாக உரிந்து, வயிற்றில் சிவந்த புண்ணோடு, தலையைக்கூடத் தூக்காமல் கிடந்தது.

கடையின் பின்கட்டில், தண்ணீர்ப் பானையடியில் மூன்று மழைக்காலமாகக் குடியிருந்த தவளை அது. இதுவும் தேரைதான், பட்டால் பிள்ளை மெலியும் என்று மற்றவர்கள் விரட்டுவார்கள். இவருக்குப் பிள்ளை இல்லை, மனைவியும் போய்ச் சேர்ந்திருந்தார். "ஊட்ல பேச்சுத்தொணைக்கு இது ஒண்ணுதாங்க இருக்குது. எப்டியாவது காப்பாத்திடுங்க" என்றார். அவ்வளவு பெரிய மீசைக்காரர் கண்கலங்கியது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

டாக்டர் மாடுகளுக்கு ஊசி போடத் தொண்டூருக்குப் போயிருந்தார். காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, அது நான்தான். சொறி என்றால் கந்தகத்தை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுவோம். எருமைக்குக் கேட்ட மருந்து தவளைக்குக் கேட்காதா? முதுகு பளபளக்க நானே தடவி, "ரெண்டு வேளை தடவுங்க, சரியாப்பூடும்" என்று மிடுக்காக அனுப்பிவைத்தேன்.

மறுநாள் சொம்பு திரும்பி வந்தது. இலையை விலக்கிப் பார்த்த டாக்டருக்கு முகம் கறுத்துவிட்டது.

"தவளை தோலாலதான்யா தண்ணி குடிக்குது. மூச்சும் பாதி அதாலதான் உடுது. அதும்மேல எண்ணெயைப் பூசினா? எவன்யா பூசினது?"

புட்டி கழுவிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. போன மாதம்தான் ஒரு மருந்தை மாற்றிக் கொடுத்து, இன்னொரு தப்பு நடந்தால் வேலை இருக்காது என்று ஊரறிய அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய்க்கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தாங்க. கடையில எண்ணெ இருந்துச்சி, தடவிட்டேன்."

டாக்டர் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு கிணற்றுத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி எண்ணெயைக் கழுவினோம். மண்சட்டியில் ஈரத்துணி விரித்து நிழலில் கிடத்தினோம். மாலைக்குள் தவளையின் தொண்டைத் துடிப்பு அடங்கிவிட்டது.

வாசலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க கம்பவுண்டரே. அது பொழைக்கணும்னுதான நீங்களும் தடவுனீங்க? உங்களுக்கு வேலை பூட்டா புள்ளைங்க இன்னா பண்ணும்?" என்று சொல்லிவிட்டு, சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

டாக்டர் மாற்றலாகிப் போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. பயம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த வயதில் யோசித்தால், பயம் பாதிதான். என் பழியை இன்னொருவர் சுமப்பது சௌகரியமாக இருந்தது.

கடைத்தெருவுக்குச் சொல்லவா வேண்டும்! எண்ணெய் தடவித் தவளையைக் கொன்றவர் என்று வருஷக்கணக்கில் அவரைக் கேலி செய்தார்கள். ஒருநாள் டீக்கடையில் யாரோ அந்தக் கதையை எடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன்.