கலப்பத்து ரோச்சும் நகரசபைச் சாக்கடையும்

சிப்பித்துறை நகரசபைக் கட்டடத்துக்குள் ரோச் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் போனார். அதுவே அதிகம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய தொழில் கலப்பத்து. தோணியின் பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளிவைத்து அடித்து இறக்கி, அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுகிற வேலை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன தோணிகளில் பலவற்றில் அவர் கை பட்டிருந்தது. கலப்பத்துக்காரனுக்கு வாழ்நாளெல்லாம் எதிரி ஒன்றுதான், தண்ணீர். அது எங்கே நுழையும், எதற்காகக் காத்திருக்கும் என்பதைத் தவிர வேறெதையும் ரோச் அதிகம் யோசித்ததில்லை. பேச்சும் குறைவு. கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்லமாட்டார்.

அவர் குடியிருந்த சலேத் மாதா சந்து பஜாருக்கும் கடற்கரைக்கும் நடுவே தாழ்ந்து கிடந்தது. முப்பத்தோரு வீடுகள். எங்கே தோண்டினாலும் உப்பு ஊறுகிற அந்த ஊரில், இந்தச் சந்துக்கு மட்டும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு வாய்த்திருந்தது. சோறு வெந்ததும் பிள்ளைகள் குளித்ததும் அதில்தான்.

1972-ஆம் வருடம் ஆடி மாதம், பஜாரின் கழிவை எல்லாம் கடலில் கொண்டுபோய்விட நகரசபை ஒரு மூடு சாக்கடை கட்டத் தொடங்கியது. சந்தின் நீளத்துக்கும் கிணற்றை ஒட்டியே அது போயிற்று. கட்டி முடித்ததும் சேர்மன் மந்திரமூர்த்தி நாடாவை வெட்டினார். சாக்கடைக்கு நாடா வெட்டிய மனிதர் இந்தக் கடற்கரையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அரிசி மண்டி வைத்திருந்தவர். எதையும் மூட்டையின் மேல்வாயில் இருக்கிறதை வைத்தே மதிப்புப் போட்டுப் பழகியவர்.

கார்த்திகைப் பௌர்ணமியன்று வாடைக் காற்றில் கடல் ஏறியது. வருடா வருடம் ஏறுகிறதுதான். இந்தத் தடவை சாக்கடையின் வாய் வழியாக உள்ளே வந்தது. பஜாரிலிருந்து இறங்கி வந்த கழிவு போக வழியில்லாமல் சந்தில் நின்று, மூடியிருந்த கல்லைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கிணற்றுக்குள் இறங்கியது. விடிந்து ரோச்சின் மனைவி மெட்டில்டா வாளியை இழுத்தபோது கறுப்பாக வந்தது. அன்றிலிருந்து சந்துப் பெண்கள் ஒரு மைல் நடந்து தண்ணீர் சுமந்தார்கள்.

"ஒம்ம கை வேலையில ஒரு சொட்டு உள்ள வந்தா ஒம்மள சும்மா விடுவானா தோணிக்காரன்?" என்றாள் மெட்டில்டா. "இவனுவள யாரு கேக்கா? போய்க் கேட்டுட்டு வாரும்."

கேட்பதற்கு ஒரு நாள் இருந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் நகரசபை தன் ஆண்டு இலக்குகளைச் சரிபார்க்கும் கூட்டம். முதலில் இலக்குகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். 'முற்றுப்பெற்றது' என்று தீர்மானம் எழுதப்படும். அதற்குப் பிறகு பொதுமக்களின் குறைகள் கேட்கப்படும். பந்தி முடிந்து இலையை எடுத்த பிறகு சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிற இந்த முறையை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. சபைக்கு அது சௌகரியமாக இருந்தது. முற்றுப்பெற்றது என்று எழுதிவிட்டால் அந்த வேலையில் அப்புறம் ஒரு செங்கலைக்கூட அசைக்க முடியாது. ஒன்பதாவது இலக்கு சாக்கடை. அந்தச் சொல் ஏறுவதற்கு முன்னால் தடுக்காவிட்டால் கிணறு போனதுதான்.

ரோச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் தெருவிளக்குக்காக மூன்றாவது வருடமாக வந்திருந்த சங்கரம்மாள்.

முதல் இலக்கு, பூங்கா. முற்றுப்பெற்றது. பூங்காவுக்கு ஒரு கேட்டும் ஒரு போர்டும் இருந்தன. உள்ளே முளைத்ததை ஆடுகள் முற்றுப்பெற வைத்திருந்தன. மூன்றாவது, வாசகசாலை. முற்றுப்பெற்றது. நாற்காலிகள் வந்துவிட்டன, புத்தகம் அடுத்த வருட இலக்கு. வாசிக்க வாசிக்க உறுப்பினர்கள் காராச்சேவு தின்றார்கள். சந்தின் உறுப்பினர் வில்பிரட், தேர்தல் சமயத்தில் முப்பத்தோரு வீட்டிலும் கை நனைத்தவர், ரோச்சைப் பார்த்ததும் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

"ஒம்பதாவது," என்று குமாஸ்தா வாசிக்கும்போது ரோச் எழுந்தார்.

"அது முடியலை அண்ணாச்சி."

சேர்மன் நிமிர்ந்து பார்த்தார். "ஓய், உம்ம நேரம் இன்னும் வரலையே. குறை கேக்கும்போது சொல்லும்."

"அதுக்குள்ள எழுதிருவியளே."

"எங்க நேரம் வாரதுக்குள்ள நாங்க செத்துப்போயிருவோம் அண்ணாச்சி," என்றாள் சங்கரம்மாள். "அவரு சொல்லட்டும்."

ரோச் சொன்னார். ஐந்தாறு வாக்கியம்தான். சாக்கடை வாய் ஒன்றரை முழம் தாழ்வு. வாடையில் கடல் உள்ளே வருகிறது. கிணறு கெட்டுவிட்டது. மார்கழிப் பௌர்ணமிக்கு இன்னும் மோசமாகும்.

சேர்மன் என்ஜினீயர் பக்கம் திரும்பினார். என்ஜினீயர் கிருபாநிதி ஆழ்வார்திருநகரிப் பக்கத்து ஆள். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி, நிதானமாக வாசித்தார்.

"ஆடி பதினாலு. சலேத் மாதா சந்து. கடல்நீர் இக்கல்லுக்கு மேல் ஏறுமா என உள்ளூர் அனுபவசாலி ரோச் என்பவரிடம் விசாரித்ததில், ஏறாது என்று தெரிவித்தார்." நோட்டை மூடினார். "நீங்கதானே அது?"

சபை சிரித்தது. வில்பிரட்டுக்கு மின்விசிறி போதுமென்றாகிவிட்டது, அவரும் சிரித்தார்.

ரோச்சுக்கு நினைவு வந்தது. தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தொப்பி போட்ட ஒருவர் வந்து, சாக்கடை வாய்க்குக் குறியாக நட்டிருந்த கல்லைக் காட்டிக் கேட்டார். ஏறாது என்றார். ஆடியில் கச்சான் காற்று கடலைக் கரையைவிட்டு இழுத்து வைத்திருக்கும், ஏறாதுதான். கடற்கரையில் யாரும் வீசுகிற காற்றை வைத்துத்தான் பதில் சொல்வார்கள். மீன் உண்டா என்றாலும் தோணி போகுமா என்றாலும் இந்தக் காற்றுக்கு என்றுதான் அர்த்தம். அதைத் தனியாகச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது.

"நீரு கேட்டது கச்சான்ல," என்றார் ரோச். "வாடையில என்ன ஆவும்னு கேக்கலையே."

"கேக்கணும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

அது நியாயமான கேள்வி. ரோச்சுக்குச் சபையின் மேலிருந்த வெறுப்பில் ஒரு பங்கு தன் மேலேயே விழுந்தது. அந்த ஆள் ஆற்றுக்காரன் என்று பேச்சிலேயே தெரிந்ததுதான். இன்னும் நாலு வார்த்தை கூடச் சொல்லியிருந்தால் வாய் வறண்டா போயிருக்கும்?

"தப்பு எம்மேலயும் இருக்கட்டும்," என்றார். "ஒம்பதாவதை மட்டும் மார்கழிப் பௌர்ணமி வரைக்கும் நிறுத்தி வைங்க. எங்க தொழில்ல தோணி தண்ணியில எறங்குத அன்னைக்குக் கலப்பத்துக்காரந்தான் முதல்ல உள்ள எறங்கி அடிப்பலகையில வெள்ளை வேட்டியோட உக்காரணும். கடல் ஏறி வத்துத வரைக்கும். வேட்டி காஞ்சிருந்தாத்தான் வேலை முடிஞ்சுதும்போம். அதே மாரி அன்னைக்கு வந்து பாருங்க."

"எங்களைச் சாக்கடையில வேட்டியோட உக்காரச் சொல்லுதீரா?"

"கட்டுனவுக உக்காரணும் அண்ணாச்சி."

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. சேர்மன் முகம் சுருங்கியது. "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார். கைகள் எழுந்தன. வில்பிரட்டின் கை காதளவுக்கு வந்து, நின்று, சேர்மன் பார்த்ததும் மீதித் தூரமும் ஏறியது. முற்றுப்பெற்றது. குறை கேட்கும் நேரத்தில் ரோச் அங்கே இல்லை. சங்கரம்மாளுக்குக் கவனிக்கப்படும் என்று பதில் கிடைத்தது.

வீட்டுக்கு வந்த ரோச் சாப்பிடாமல் வாள், உளி, கொட்டாப்புளி எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். பூவரசம் பலகையில் இரண்டு அடைப்புகளைச் செதுக்க அவருக்கு நான்கு நாளாயிற்று. தோணிக்குச் செய்வதைப் போலவே அளந்து, இழைத்து, விளிம்பில் திரி இறங்க வாய் வைத்தார். ஐந்தாம் நாள், பட்டப்பகலில், கடல் வற்றியிருந்த நேரத்தில் கரையோரத்துச் சாக்கடை வாயில் முதல் அடைப்பை இறக்கித் திரி அடித்து, குங்கிலியம் பூசினார். பிறகு பஜார் முனைக்குப் போனார். சாக்கடை சந்துக்குள் நுழைகிற இடத்தில் கல்லைப் புரட்டிவிட்டு, இடுப்பளவு கழிவில் இறங்கினார்.

ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. சாக்கடைக்குள் நிற்கிற ஆளை இந்த ஊரில் முகம் பார்க்கிற வழக்கம் கிடையாது. சுகாதார மேற்பார்வையாளர் சைக்கிளில் வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் முடிங்கப்பா, நாத்தம் தாங்கலை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இந்தா முடிஞ்சிரும்," என்றார் ரோச்.

சந்து இரண்டு பக்கமும் அடைத்த தோணி மாதிரி ஆயிற்று. இரண்டு நாளில் பஜார் நிறைந்தது. மூன்றாம் நாள் சேர்மனின் அரிசி மண்டிக்குள் கழிவு ஏறி, அடி வரிசை மூட்டைகளை நனைத்தது. நகரசபை ஆட்கள் கடப்பாரையோடு வந்து குத்திப் பார்த்தார்கள். கல் பெயர்ந்தது, அடைப்பு அசையவில்லை. அதற்கு மேல் இடித்தால் பஜார் முழுக்க ஒரே மூச்சில் சந்துக்குள் இறங்கும். சந்துப் பெண்கள் அந்தக் கல்லின் மேலேயே குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மெட்டில்டா நடுவில்.

கிருபாநிதியும் வில்பிரட்டும் ரோச்சைத் தேடிக் கடற்கரைக்கு வந்தார்கள். வில்பிரட் சொந்தம் கொண்டாடினார். "மாமா, நம்ம ஊரு மானம் போவுது. போலீசுல சொல்லணும்னு சேர்மன் நிக்காரு."

"சொல்லச் சொல்லும். சாக்கடை நல்லா இருக்குன்னு அவுகளே எழுதியிருக்காவளே. நல்லா இருக்கதுக்கு என்ன கேசு?"

கிருபாநிதி தொப்பியைக் கழற்றிவிட்டு, "வாய் எவ்வளவு ஒசரத்துல இருக்கணும்? எல்லாக் காத்துக்கும் சேத்துச் சொல்லுங்க," என்றார்.

அந்த மாதத்தில் அந்த அலுவலகத்திலிருந்து வந்த உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். ரோச் எழுந்து போய்க் கரைச் சுவரில் கரியால் ஒரு கோடு கிழித்தார். "இது வாடைப் பௌர்ணமி. இதுக்கு மேல ஒரு முழம் வையும். ஆனா கெணத்தை ஒட்டிக் கொண்டுபோவாதீரு. வடக்க ஓடை கெடக்கு, அங்கன திருப்பும்."

தீர்மானம் இல்லை, நாடா இல்லை. சேர்மன் கண்டுகொள்ளாமல் இருந்தார். மண்டி நாறிக்கொண்டிருந்ததால் பதினோரு நாளில் கழிவு ஓடைப் பக்கம் திரும்பியது. நகரசபையின் புத்தகத்தில் ஒன்பதாவது இலக்கு அப்படியேதான் இருந்தது. அந்த அடைப்புகளை ரோச் எடுக்கவே இல்லை. எடுக்கச் சொல்லி யாரும் எழுதிக் கேட்கவும் இல்லை, எழுதினால் அவை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டிவருமே.

மார்கழிப் பௌர்ணமிக்குக் கடல் ஏறி, கரைச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மறுநாள் சந்தே கூடிக் கிணற்றை இறைத்தது. சேற்றை வாரி, சுண்ணாம்பு போட்டு, மறுபடி இறைத்தார்கள். தை பிறந்த பிறகு ஒரு காலையில் மெட்டில்டா ஒரு செம்பில் கொண்டுவந்து நீட்டினாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. ரோச் ஒரு வாய் குடித்து, நாக்கில் நிறுத்திப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"உப்புக் கரிக்கி. அடுத்த மழைக்குத்தான் சரியாவும்."

"சரியாவுமா, ஆவாதா? நல்லா யோசிச்சுச் சொல்லும்."

ரோச் யோசித்தார். "அடுத்த ஐப்பசியில நல்லாப் பெஞ்சா ஆவும். பெய்யாட்டா அதுக்கடுத்த வருசம். அதுவரைக்கும் சமையலுக்கு எடுக்காத, துணி தொவைக்கலாம்," என்றார். ஒரு கேள்விக்கு அவர் அத்தனை வார்த்தை சொல்லி மெட்டில்டா கேட்டதில்லை. அவள் மிச்சத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மைல் நடக்கப் புறப்பட்டாள்.